தூளியில் படுத்த கை

தையல்காரரின் இரண்டு கைகளும் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தன. வலதுகை விரல்கள் ஓட்டை நெரிக்க, பருப்பு வாய்க்குப் போனது. தெருமுனையில் வேன் திரும்பும் சத்தம் கேட்டதுதான் தாமதம், வலதுகை விருட்டென்று கழுத்தில் தொங்கிய துணித்தூளிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. முகத்தில் வலி வந்து உட்கார்ந்தது.

"வாங்க தொரை. இப்பத்தான் விடிஞ்சுதா?"

வேன்காரர் இறங்கி வந்து சவரச் சோப்பைக் குழைத்தார். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகிறவர். பின்னால் பார்க்காமல் வேனை எடுத்து, தையல்காரரைச் சைக்கிளோடு சாய்த்து, மணிக்கட்டை உடைத்தவர். ஓடி ஒளியவில்லை, அவரே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். போலீஸ் வரைக்கும் போக வேண்டாம் என்று தெருக்காரர்கள் கூடிப் பேசி ஒரு வழி சொன்னார்கள்: "உன்னால ஒடைஞ்ச கை. அது கூடுற வரைக்கும் நீதான் அவருக்குக் கை."

நல்ல ஏற்பாடு. முதலில் நன்றாகவே நடந்தது. வேன்காரர் சவரம் செய்து, சட்டை மாட்டிவிட்டுக் கிளம்புவார். இருவரும் சிரித்துப் பேசியதைக்கூடத் தெரு பார்த்தது.

பிறகு மாவுக்கட்டைப் பிரித்தார்கள். விரல்களை மடக்கிப் பழகச் சொன்னார் டாக்டர். தையல்காரரும் பழகினார், கதவைச் சாத்திக்கொண்டு. வெளியில் தூளிதான். எலும்பு கூடிவிட்டது; மனுஷருக்கு ருசி விடவில்லை. நிஜ நோயாளிக்குச் செய்யும் பணிவிடைக்கு என்றாவது ஒரு முடிவு உண்டு. வேடம் கட்டியவருக்கு ஏது? தைக்க வேண்டிய துணி கடையில் மலையாகக் குவிந்தது. அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. ஒருவன் தினமும் தன் முன்னால் குனிகிறானே, அது போதும்.

"பிரேக்கு எங்க இருக்குன்னு தெரியாத ஆளு நீ. என் தொண்டக்குழி எங்க இருக்குன்னு பாத்து செரைப்பா."

"சரிங்கண்ணே." கத்தியைத் துடைத்தார் வேன்காரர். "புள்ளைங்க லேட்டாப் போகுதுங்கண்ணே. வேற வேன் பாத்துக்கறோம்னு அம்மாமாருங்க சொல்லிட்டாங்க. இன்னைக்கும் லேட்டானா என் பொழப்பு போயிடும். கொஞ்சம் வெரசா விடுங்க."

"ஏன், என் கைக்கு லீவு விட்டாச்சா?"

வேன்காரர் சட்டையை மாட்டினார். முந்தின நாள் அந்தச் சட்டையில் ஒரு பட்டன் அறுந்திருந்தது. அதையும் அவரையே தைக்க வைத்து, "இது என்ன பட்டனா, தொங்கட்டானா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கெக்கலித்திருந்தார் தையல்காரர். இப்போது அந்தப் பட்டனில் வேன்காரரின் விரல் நின்றது. பட்டன் ஆடவில்லை, சாயவில்லை. நூல் அடியில் அழகாகச் சுற்றியிருந்தது, முடிச்சு இருக்கிற இடமே தெரியவில்லை.

பொய்க்கு மாதக்கணக்கில் காவல் காத்த தையல்காரருக்கு, கோணல் பட்டனை ஒரு ராத்திரி பொறுக்க முடியவில்லை.

"அண்ணே, இது நான் தைச்சதில்ல."

"உங்க அண்ணி தைச்சிருப்பா."

உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "என்னையா? உன் ஊசியத் தொட விட்டிருக்கியா இத்தன வருஷத்துல?"

வேன்காரர் தூளியைப் பார்த்தார். கத்தவில்லை. மிச்சப் பட்டன்களையும் ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தார். "கை கூடிருச்சுங்கண்ணே. சந்தோஷம்," என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

"பாத்தியாடி, எவ்வளவு கொழுப்பு!" என்றார் தையல்காரர்.

சாயந்திரம் அவர் குளிக்கப் போன நேரத்தில் மனைவி தூளியைக் கிழித்துத் தரை துடைத்தாள்.

மறுநாள் காலை, பிள்ளைகளின் கூச்சலோடு வேன் வாசலைக் கடந்து போனது, நிற்கவில்லை. தையல்காரர் கடையைத் திறந்தார். குவிந்து கிடந்ததில் நல்ல துணியாக ஒன்றை உருவி, கத்தரியை வலதுகையில் எடுத்து நேராக வெட்டினார். மெஷினில் உட்கார்ந்து ஓரம் மடித்து அடித்தார், இம்மி பிசகவில்லை. புதுத் தூளியை இரண்டு கைகளாலும் கழுத்துக்குப் பின்னால் இறுக்கி முடிந்தார். வலதுகையை அதற்குள் படுக்க வைத்து, வாசலில் வந்து உட்கார்ந்தார்.