துர்கா அக்கா கட்டிக்கொண்ட காப்பு

எங்கள் மெல்லிசைக் குழுவில் மிக்ஸர் முன்னால் உட்காரும் துர்கா அக்காவுக்குப் புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் வீடு. சின்ன வயதில் கோரஸ் பாட வந்தவள். தொண்டை கெட்டதும், பாடுகிறவர்களின் சத்தத்தை ஏற்றி இறக்கும் அந்த இடத்துக்கு மாறினாள். கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை. அந்த ஆசையை மறைக்கிற பழக்கமும் அவளுக்கு இல்லை. வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் பையை வைப்பாள். "இது என் புள்ளைக்கு. எவனும் உக்காராதீங்க."

குழந்தைக்காகப் போய்வந்த ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் குறித்துக் கொடுப்பார். அன்றைக்கு அவள் கணவர் வெற்றிவேல் மாமாவும் கூட இருந்தாக வேண்டும். அவருக்குச் சேதராப்பட்டில் கம்பெனி வேலை. குறித்த நாளிலெல்லாம் நாங்கள் எங்காவது ஒரு கோயில் வாசலில் பெட்டி இறக்கிக்கொண்டிருப்போம்.

2006 ஆடியில் அக்கா முன்கூட்டியே குழுத் தலைவர் அரிகிருஷ்ணனிடம் பேசிவிட்டாள். விழுப்புரம் பக்கம் ஒரு ஊரில் தீமிதித் திருவிழா. காப்புக் கட்டும் புதன்கிழமை ஒரு கச்சேரி, தீமிதி நடக்கும் ஞாயிறு ஒரு கச்சேரி. நடுவில் நாங்கள் அங்கேயே தங்க, வியாழன் மாலை அவள் மட்டும் கிளம்பலாம். வெள்ளி காலை ஆஸ்பத்திரி.

"சரிம்மா, தாராளமா போயிட்டு வா. யாரு உன்னப் புடிச்சி வச்சிருக்கா?" என்றார் அவர்.

புதன் மாலை நான் அறிவிப்புக்கு மைக் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த ஊர்க்காரரான சின்னப்பாப்பா என்ற அம்மா அக்காவைப் பூசாரி முன்னால் இழுத்துக்கொண்டு போனார். "புள்ள வரம் கேட்டுக் காப்பு கட்டிக்கம்மா. எங்க ஆத்தா ஏமாத்த மாட்டா." டவுனில் பிறந்த அக்கா சந்தோஷமாகக் கையை நீட்டினாள். மஞ்சள் கிழங்கு கோத்த நூல் மணிக்கட்டில் ஏறியது.

கிராமத்தில் வளர்ந்த எனக்கு அந்தக் கட்டுப்பாடு தெரியும். ஓடிப்போய்ச் சொன்னேன். "அக்கா, காப்பு கட்டினா தீமிதி முடியற வரைக்கும் ஊர் எல்லையத் தாண்டக் கூடாது."

"யாரு சொன்னா?"

"எல்லா ஊர்லயும் அதான்."

"கட்டறதுக்கு முன்னாடி சொன்னா உன் டிகிரி கொறஞ்சா பூடும்?"

மறுநாள் மாலை பையோடு கிளம்பியவளை ஊர்க்காரர்கள் மறித்தார்கள். "தெய்வக் குத்தம் ஆயிடும்மா. புள்ளைக்காகக் கட்டினது, அந்தப் புள்ளைக்கே ஆவாது." எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான், எடுத்துச் சொன்னால் கேட்பார்கள் என்று நினைத்தேன். "காலேஜுல ஆத்தாவப் பத்தி ஒண்ணும் சொல்லித் தரலியா?" என்றார் பூசாரி. எல்லோரும் சிரித்தார்கள். அரிகிருஷ்ணன் ஒயர் சுருட்டப் போய்விட்டார். கடைசி பஸ்ஸும் போய்விட்டது.

விடிந்ததும் அக்கா காப்பைக் கழற்றி மிக்ஸர் பெட்டியின் கைப்பிடியில் கட்டினாள். கோயில் பக்கம் திரும்பி, "தாயே, இந்தப் பெட்டி ஞாயித்துக்கிழம வரைக்கும் எல்லை தாண்டாது. நான் போறேன்" என்றாள். முதல் பஸ் பிடிக்க நான்தான் சைக்கிளில் கொண்டுபோய் விட்டேன்.

ஆஸ்பத்திரியில் மாமா இல்லை. அக்காவிடம் செல்போன் கிடையாது; முந்தின நாள் பஸ் போன கையோடு அரிகிருஷ்ணன் அவருக்கு போன் போட்டு, "துர்கா வர மாட்டா, காப்பு கட்டிட்டாங்க" என்று சொல்லியிருக்கிறார். எடுத்த லீவு வீணாக வேண்டாமென்று மாமா காலை ஷிப்டுக்குப் போய்விட்டார். கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். கேட்டுக்குத் தகவல் சொல்லி, அவர் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்வதற்குள் டாக்டரம்மா கிளம்பிவிட்டார். அடுத்த மாசம் பார்க்கலாமாம்.

ஞாயிறு அக்கா வந்தாள். நேராகப் போய் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்தாள். தீமிதி முடிந்து கச்சேரி தொடங்கியது. அரிகிருஷ்ணன் பாட வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. மைக்கைத் தட்டினார். மேடை ஓரத்துக்கு வந்து குனிந்தார். "என்னம்மா ஆச்சு?"

"டாக்டரம்மா நாள் சொன்னதும் சொல்றேன். அன்னிக்குக் கச்சேரி ஒத்துக்காதீங்க. என் வூட்டுக்காரருக்கு நீங்க போனும் போடாதீங்க. சரின்னு சொல்லுங்க, ஏத்தறேன்."

"ஜனங்க பாக்குதும்மா..."

"பாக்கட்டும். மைக்குல சொல்லுங்க."

அவள் விரல் மேலே நகர்ந்தது. "சரிம்மா" என்ற அவர் குரல் ஊர் முழுக்க அதிர்ந்தது. என்ன ஏதென்று தெரியாமல் முன்வரிசை கைதட்டியது.

அக்கா சிரிக்கவில்லை. "போன தடவையும் இதே சரிதான் சொன்னாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, தபேலாவைக் கொஞ்சம் ஏற்றினாள்.