வெள்ளிக்கிழமை கொண்டுபோன ஸ்பானிய வைன்

டுசல்டோர்ஃபில் நான் வேலை செய்யும் வைன் கடையில் அந்த ஸ்பானியப் போத்தல்களை யாரும் சீண்டுவதில்லை. வெள்ளை வைன், அரை இனிப்பு. இனிப்பென்று கேட்டதுமே வாடிக்கையாளர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். குடித்துப் பார்க்காமலே சுளிக்கிற முகங்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பழுத்த பீச் பழமும் ஆரஞ்சுத் தோடம்பூவும் கலந்த வாசம், நாக்கில் மெல்லிய இனிப்பு, கடைசியில் கொஞ்சம் தேசிக்காய்ப் புளிப்பு. இதில் என்ன குறை? எங்கள் உறைப்புக் கறியோடு கொடுத்துப் பாருங்கள், பிறகு பேசுங்கள் என்று முதலாளியிடம் வாயை விட்டுவிட்டேன். சரி, சனிக்கிழமை வாடிக்கையாளர்கள் சுவைபார்க்க வருகிறார்கள், நீயே கறி கொண்டு வா என்றார்.

கறி என்றால் அம்மாவின் கறி. அங்கேதான் சிக்கல். அம்மா வுப்பர்டாலில் இருக்கிறார். அப்பா குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தவர். அதன் பிறகு அம்மா வீட்டுக்குள் ஒரு போத்தல் நுழைந்ததில்லை. கோயிலில் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால், கடையில் நிற்கிறாள் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். என்ன கடையென்று சொல்ல வாய் வராது. அது எனக்கு வலித்தது. கறியெல்லாம் ஒரு சாட்டுத்தான். ஒரு தடவையாவது அம்மா என் வேலையை முகம் கொடுத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ரயிலில் இருப்புக் கொள்ளவில்லை. குளிர்ப்பையை மடியில் வைத்தேன், கீழே வைத்தேன், மறுபடி தூக்கினேன். சூடேறினால் இந்த வைனில் இனிப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். இறங்கும் இடத்துக்கு வெகு முன்பே எழுந்துபோய்க் கதவடியில் நின்றேன்.

கதவைத் திறந்த அம்மாவின் நெற்றியில் திருநீறு. வீடு முழுக்கச் சாம்பிராணி. அப்போதுதான் எனக்கு உறைத்தது, வெள்ளிக்கிழமை. நண்டுக் கறியென்று கனவு கண்ட நான், அம்மா மச்சம் மாமிசம் தொடாத நாளில், சாமி அலுமாரி திறந்திருக்கும் நேரம் பார்த்து, வைனோடு வந்து நிற்கிறேன். என்னை நானே நாலு சாத்தலாம் போலிருந்தது.

அம்மா பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உனக்கென்ன விசரே என்று சத்தம் போடாமல் கேட்டார். ஆனாலும் போ என்று சொல்லவில்லை. சாமி அலுமாரியைச் சாத்திவிட்டு வந்து சோறு போட்டார்.

பருப்பு, சொதி, உருளைக்கிழங்குப் பிரட்டல், கடைசியில் பாயசம். நான் நின்றபடியே வைனை ஊற்றி ஒவ்வொன்றோடும் குடித்துப் பார்த்தேன். பருப்போடு வைன் செத்துக் கிடந்தது. சொதியின் தேங்காய்ப்பாலோடு பரவாயில்லை. பிரட்டலை வாயில் வைத்து, காது வரை எரியும்போது ஒரு மிடறு விழுங்கினேன். எரிவு அடங்கி மிளகாய்த்தூளின் வாசம் மட்டும் நின்றது. அடடா, நண்டே தேவையில்லை! பாயசத்தோடு குடித்தால் வெறும் புளித்தண்ணீர். வாயை மூட முடியாமல் எல்லாவற்றையும் அம்மாவிடம் கொட்டிக்கொண்டிருந்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

கிளாஸை அவர் பக்கம் நீட்டினேன். "குடிக்க வேண்டாம் அம்மா. மூக்கில வச்சு மணந்து மட்டும் பாருங்கோ."

அம்மாவின் கை அப்படியே நின்றது.

"உன்னை நான் அப்பிடித்தானே அனுப்பினனான்," என்றார். "அப்பா வந்தோடன போய்க் கட்டிப்பிடி, வாய் மணக்குதோ எண்டு வந்து சொல்லு எண்டு. சின்னப் பிள்ளை நீ. ஒவ்வொரு நாளும் ஓடிப் போவாய்."

நான் அதை மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தாரோ தெரியாது. மறக்கவில்லை. அப்பாவின் ஜாக்கெட்டில் முகம் புதைத்து மூச்சை இழுப்பேன். குசினியில் சமைத்துக்கொண்டிருக்கும் அம்மாவிடம் ஓடி வந்து தலையாட்டுவேன். மணந்தது என்றால் அம்மா அவசரமாகச் சோறு தந்து என்னை அறைக்குள் விட்டுச் சாத்துவார். இன்று கடையில் எனக்குச் சம்பளமே இந்த மூக்குக்குத்தான்.

"உன்ர வேலையில எனக்கு வெக்கமில்லை, பிள்ளை," என்றார் அம்மா. "நான் பழக்கிவிட்ட மூக்கெண்டு நினைக்கேக்கதான் சொல்ல வாய் வருகுதில்லை."

இத்தனை வருடமும் அவர்மேல் வைத்திருந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. நீட்டிய கையை மடக்கவும் தோன்றாமல் நின்றேன். அம்மா அந்தக் கிளாஸை வாங்கினார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோகாமல் நேரே குடித்தார்.