பாதியில் நின்ற சண்டை

என் வீட்டுக்காரர் இறந்தபோது நான் அழவில்லை. தெருவே பேசி முடித்த விஷயம்தான். இருந்தாலும் என் வாயால் சொன்னால் சரியாக இருக்கும்.

அப்போது எங்களுக்குள் மூன்று நாளாகச் சண்டை. வீட்டுக்குப் பின்னால் நான் வைத்து வளர்த்த முருங்கை மரத்தை, கொள்ளேகாலில் ஒரு கல்யாணத்துக்கு நான் போயிருந்த நேரம் பார்த்து, ஆள் வைத்து வெட்டிவிட்டார். கம்பளிப்பூச்சி வருகிறதாம். வந்து பார்த்தேன், ஒன்றும் பேசவில்லை. எனக்குச் சட்டென்று பேச வராது. நன்றாக யோசித்து, அடுக்கி வைத்துக்கொண்டுதான் வாயைத் திறப்பேன். திறந்தால் எதிராளி தலைநிமிர முடியாது. மூன்று நாள் யோசித்து ஒரு பதில் தயார் செய்தேன். என் ஆயுசிலேயே அதுபோல ஒன்று எனக்கு அமைந்ததில்லை. நாலாம் நாள் காலை, அதைச் சொல்வதற்காகவே காபியை எடுத்துக்கொண்டு போனேன். மனிதர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் "தங்கமான மனுஷன்" என்றார்கள். மைசூரு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கூட வேலை பார்த்தவர்கள் "தெய்வம்மா அவரு" என்றார்கள். அந்தத் தெய்வம் பல்செட்டைக் கழற்றி என் காபி டம்ளரில் போடும் என்பது அவர்களுக்குத் தெரியாது. நான் வாயைத் திறந்தால் முருங்கை மரம்தான் வரும். அதைத் தலைமாட்டில் உட்கார்ந்து சொல்ல முடியுமா? மூடிக்கொண்டேன். எதிர்வீட்டுக்காரி என் காதுபடவே, "ஒரு சொட்டுக் கண்ணீர் வரல பாருங்க, இந்த அக்காவுக்குக் கல்லு மனசு" என்றாள்.

அன்றைக்கு அடைத்த தொண்டை திறக்கவேயில்லை. சோறு இறங்காது, கஞ்சிதான். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, உள்ளே ஒன்றுமே இல்லை என்றார். எட்டு மாதத்தில் என் ஜாக்கெட்டுக்குள் இன்னொருத்தியும் நுழையலாம் என்று ஆகிவிட்டது. பெங்களூரில் இருக்கும் மகள் கெடு வைத்தாள்: "இன்னும் ஒரு மாசம் பார்ப்பேம்மா. அப்பவும் சாப்பிடலன்னா வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துடணும்." அவள் வீடு பன்னிரண்டாவது மாடி. அங்கே சண்டை போட ஒரு காய்கறிக்காரன்கூட வரமாட்டான். சோறு விழுங்கினால் மைசூரு. இல்லாவிட்டால் பன்னிரண்டாவது மாடி. என் நிலைமை இதுதான்.

எங்கள் மாடியில் குடியிருப்பவன் மேற்கு ஆப்பிரிக்காவில் கானா என்ற தேசத்துக்காரன். இங்கே பெரிய படிப்புப் படிக்கிறான். ஆறடிக்கு மேல் உயரம். நிலைப்படியில் நூறு தடவை தலையை இடித்துக்கொண்ட பிறகுதான் குனியப் பழகினான். ஒரு நாள் காலையில் முகமெல்லாம் வீங்கிக் கீழே வந்தான். ஊரில் அவன் அம்மா இறந்துவிட்டாளாம். அவன் போய்ச் சேருவதற்குள் அடக்கம் முடிந்துவிடும். தனக்குத் தெரிந்த கன்னடத்தில் அவன் கேட்டதைத் தமிழில் சொல்கிறேன்: "அம்மா, ஞாயித்துக்கிழமை எங்க ஆளுங்க எல்லாரும் வந்து மாடியில அழலாமா?"

அழுவதற்கு ஒருவன் வந்து உத்தரவு கேட்டது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

"எவ்வளவு நேரம் அழுவீங்க?"

"காலையிலேருந்து மத்தியானம் வரைக்கும்."

"சரி. தண்ணி டேங்க் மேல யாரும் சாயக்கூடாது" என்றேன்.

பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். கைப்பிடிச் சுவரில் சிவப்புத் துணியை விரித்து அவன் அம்மாவின் படத்தை வைத்தார்கள். ஒரு மேளம் கொண்டுவந்திருந்தார்கள். போதாததற்கு என் பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவிழ்த்துக்கொண்டார்கள். அவன் ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். நாலு வருஷமாக மைசூரில் படிக்கிறாள். மண்டி மொஹல்லா மார்க்கெட்டில் கத்திரிக்காய் விலையைப் பாதியாகக் குறைக்கிற அளவுக்குக் கன்னடம் பேசுவாள். அவள்தான் எல்லாவற்றையும் முன்னால் நின்று நடத்தினாள். அவன் மணிக்கட்டில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையை என் கையில் கொடுத்தாள்.

"துக்கம் தலைக்கு ஏறினா ஆள் எங்கயாவது ஓடிடுவாங்க, அம்மா. அதனால எங்க ஊர்ல பெரியவங்க ஒருத்தர் கயித்தப் பிடிச்சுக்குவாங்க. இங்க பெரியவங்க நீங்கதான்."

என் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

மேளம் ஏற ஏற அவன் படத்தை நோக்கி ஓடினான். நானும் பின்னாலேயே ஓடினேன். முட்டி போட்டு, வாய்விட்டுக் கதறினான். எனக்குப் பழக்கதோஷம். தோளைப் பிடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, "அழாதப்பா, ஆம்பளப் புள்ள அழலாமா, போனவங்க திரும்பி வருவாங்களா" என்று ஆரம்பித்தேன். மேளம் நின்றுவிட்டது. எரிகிற அடுப்பில் ஒரு செம்புத் தண்ணீரைக் கொட்டியவளைப் பார்ப்பதுபோல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அம்மா, நிறுத்தாதீங்க" என்றாள் அந்தப் பெண். "வர்றது வரட்டும். நீங்க கயித்த மட்டும் பிடிங்க."

என் வீட்டு மாடியில் எனக்கே அதட்டல். ஆனால் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

பிறகு நடந்ததுதான் எனக்கு அதிர்ச்சி. அந்தப் பெண் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு படத்தின் முன்னால் போய் நின்றாள். "ஏ கிழவி! நீ காய்ச்சற கஞ்சியில முகம் பார்க்கலாமே! சோம்பேறி, மகன் இங்க கத்தறான், நீ அங்க சொகுசா படுத்திருக்கியா? எந்திரி!" என்று முதலில் அவர்கள் பாஷையில் சொன்னாள், பிறகு எனக்காகக் கன்னடத்தில் சொன்னாள். நான் வாயில் கையை வைத்துக்கொண்டேன். அவளுடைய குலமும் இவனுடைய குலமும் கேலி முறையாம். இங்கே மாமன் மச்சான் கேலி பண்ணுவதுபோல. சாவு வீட்டிலும் கேலி செய்தே ஆக வேண்டுமாம். செய்யாவிட்டால்தான் இறந்தவருக்கு அவமரியாதை. அழுதுகொண்டிருந்தவன் குபீரென்று சிரித்தான். சிரித்த வாயோடு முன்னைவிடப் பெரிதாக அழுதான்.

இறந்தவரைத் திட்டலாம் என்பதை எட்டு மாதத்துக்கு முன்பே ஒருவர் சொல்லியிருக்கக் கூடாதா!

அவன் அழுது ஓய்ந்து எழுந்தான். கயிற்றை அவிழ்த்து, என் கையைப் பிடித்து, என் மணிக்கட்டில் கட்டி, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டான். "உங்க வீட்டுலயும் சாவுதானே, அம்மா."

"எனக்கு அழுகை வராதுப்பா."

"அழ வேண்டாம். சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க."

கோபம் வந்தால் எனக்குத் தமிழும் கன்னடமும் கலந்துதான் வரும். அன்றும் அப்படித்தான் வந்தது.

"ஏனுங்க! கம்பளிப்பூச்சிக்குப் பயந்து மரத்த வெட்டுனீங்களே, கொசு வந்தா வீட்ட இடிப்பீங்களா? அந்த மரத்துக் கீரையத் தின்னுதான ரிட்டயர் ஆயும் நிமிந்து நடந்தீங்க? நான் தண்ணி ஊத்துன மரம். என்னய ஒரு வார்த்த கேட்டீங்களா? மரத்தயும் கேக்காம வெட்டுனீங்க, நீங்களும் கேக்காமயே போயிட்டீங்க!"

ஒவ்வொரு கேள்விக்கும் மேளம் ஒரு அடி அடித்தது. என் பேச்சுக்கு மேளம் அடித்தவர்கள் அதுவரை யாருமில்லை. எதிர்வீட்டுக்காரி துணி காயப்போடுகிற சாக்கில் தன் மாடியில் நின்று, "அக்கா, என்னாச்சு?" என்று கத்தினாள்.

அப்போது அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து தன் இடுப்பில் கையை வைத்தாள். "பூச்சிக்குப் பயந்த கோழையா உங்க புருஷன்? நல்லவேளை, போய்த் தொலைஞ்சான்!"

"ஏய், வாய மூடு பொண்ணே!" என்று பாய்ந்தேன். கயிறு இழுத்தது. "யாரக் கோழைங்கற? எனக்கு டைபாய்டு வந்தப்ப லீவு போட்டுட்டு மூணு வாரம் பக்கத்துலயே உக்காந்திருந்தவரு. எச்சியத் துடைச்சு, சோறு ஊட்டி, தலை வாரிப் பின்னிவிட்ட மனுசன். அவருக்குப் பின்னவே வராது. கோணக் கோணயாத்தான் பின்னுவாரு..."

மொட்டைமாடியில், வெயிலில், பக்கெட் மேளத்துக்கு நடுவில் உட்கார்ந்து, எட்டு மாதத்துக்கும் சேர்த்து அழுதேன். மூக்கு ஒழுகியது. யாரும் துடைக்கவில்லை, ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. அவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றான். அந்தப் பெண் தன் வேலை முடிந்ததென்று ஓரமாகப் போய் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டாள்.

மத்தியானம் அவர்கள் கொண்டுவந்திருந்த வேர்க்கடலைக் குழம்பைச் சோற்றில் ஊற்றிக் கொடுத்தார்கள். காரம் போதாது என்று குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன். மூன்றாவது கவளத்தில்தான் கவனித்தேன், விழுங்கிக்கொண்டிருக்கிறேன் என்று.

கெடு முடிகிற அன்று மகள் போன் செய்தாள். "என்னம்மா, கார் அனுப்பவா?"

"வேண்டாம். ரெண்டு வேளை சோறு சாப்பிடறேன். உங்கப்பாகூட இன்னும் பேச வேண்டியது இருக்குது" என்றேன்.

"அப்பாகூடவா?" என்றாள். பயந்துவிட்டாள் போலிருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. நாற்பத்தாறு வருஷத்துச் சங்கதியில் ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறேன். மீதியை நிதானமாக யோசித்துச் சொல்லிக்கொள்ளலாம். இனி பாதியில் எழுந்து போக அவருக்கு வழியில்லை.