உள்தாழ்ப்பாள்

அக்காவின் கணவர், எங்கள் அத்தான், தச்சர். எங்கள் கட்டடத்தில் திருப்புளி வைத்துக்கொள்ளும் அனுமதி அவருக்கு மட்டும்தான். அதிகாரிகள் எந்த நேரமும் நுழைய வசதியாக, எந்த வீட்டிலும் உள்தாழ்ப்பாள் இருக்கக் கூடாது என்று சட்டம் வந்தபோது, எல்லார் கதவிலும் கழற்றி, எண்ணி மூட்டை கட்டித் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டவர் அவர்தான். அதோடு ஓய்ந்தாரா? யாராவது திரும்பப் போட்டுவிட்டார்களா என்று பார்க்கிறாராம். எதிர்வீட்டுப் பெண் தலை துவட்டிக்கொண்டிருந்தாலும் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைவார். கேட்டால் சட்டம் பேசுவார்.

பயந்து கீழ்ப்படிகிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நானே அந்த ரகம்தான். இந்த மனிதர் ருசி கண்டு கீழ்ப்படிந்தார். அதுவரை ஒரு வாய் டீ குடிக்கக்கூட யாரும் கூப்பிடாத ஆளுக்கு, எல்லார் வீட்டுக் கதவும் திறந்துவிட்டது.

சொந்த வீட்டில் இன்னும் மோசம். அக்கா குளித்தாலும் நுழைவார், அழுதாலும் நுழைவார். சும்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால், "என்ன யோசிக்கற?" என்று வந்து நிற்பார். அக்கா எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விடுவாள்.

ஒரு நாள் காலையில் அவள் அந்த மூட்டையிலிருந்தே ஒரு தாழ்ப்பாளை எடுத்து, அவருடைய திருப்புளியாலேயே படுக்கையறைக் கதவில் முடுக்கி, உள்ளே போய்ப் போட்டுக்கொண்டாள். அன்றைக்குத்தான் சோதனை. மேல்மாடியில் என் வீட்டிலிருந்து என்னை இழுத்து வந்தார் அத்தான்.

"வெளிய வரச் சொல்லு. மாட்டினா அவள ஊரை விட்டே அனுப்பிடுவாங்க."

அது உண்மை. அப்படிப் போன ஒருவரும் திரும்பி வந்ததில்லை. கதவில் வாயை வைத்துக் கெஞ்சினேன். அதற்குள் அதிகாரி வந்து கதவைத் தள்ளிப் பார்த்தார்.

"யாரு போட்டது இது?"

மனைவி மாட்டினால் அத்தானின் அனுமதியும் போய்விடும். மச்சினி போனால் அவருக்கு என்ன நஷ்டம்?

"இவதான் சார், என் மச்சினி. என் பொண்டாட்டிக்குத் தூபம் போடறதே இவதான்."

என் பயம் அந்த நிமிஷத்தில் செத்தது.

"ஆமா சார், நான்தான் போட்டேன். அத்தான்கிட்ட காசு குடுத்து வாங்கினேன். திருப்புளியும் அவரே குடுத்தாரு. மூட்டை சமையல்கட்டுல இருக்கு, எண்ணிப் பாருங்க."

பச்சைப் பொய். ஆனால் எண்ணிப் பார்த்தபோது, மூட்டையில் கணக்குக்கு ஒன்று குறைந்தது. அத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

"இவ பொய் சொல்றா சார்."

"திருப்புளி உங்கிட்ட மட்டும்தானேய்யா இருக்கு?" என்றார் அதிகாரி.

அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். என் அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு, மறுநாள் விசாரணைக்கு வரச் சொன்னார்கள். தாழ்ப்பாளைக் கழற்றக் கட்டடத்தில் வேறு தச்சர் இல்லாததால், அதற்கும் நாளைக்கு ஆள் வருமாம்.

படியில் சத்தம் அடங்கியதும் கதவருகே போனேன். "அக்கா, அவரக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. வெளிய வா."

"கேட்டுச்சு," என்றாள் உள்ளிருந்து. "நாளைக்கு இதையும் கழட்டிடுவாங்கல்ல? அதுவரைக்கும் இப்படியே இருக்கேன். நீயும் உன் வீட்டுக்குப் போடி."