கடைக்குள்ள செருப்பு

இது சத்தியமா நடந்த கத. டீ ஆறுததுக்குள்ள சொல்லிருதேன். ஆனா நம்ம வாயி ஒரு மாதிரி, நெத்திலி உள்ள போனா சுறாவாத்தான் வெளிய வரும். சொல்லுததுல கொஞ்சத்தக் கழிச்சிட்டுக் கேட்டுக்கிடுங்க.

முத்தையாபுரத்துல பலசரக்குக் கட வச்சிருக்காருல்லா ஆறுமுகநயினார் அண்ணாச்சி, அவருக்குச் சுகரு. எம்புட்டுன்னா, அவரு துப்புன எடத்துல எறும்பு கல்யாண மண்டபமே கட்டும். ரெண்டு பாதமும் மரத்துப் போச்சு. டாக்டரம்மா மெத்துனு ஒரு செருப்ப எழுதிக் குடுத்து, வீட்டுக்குள்ள, கடைக்குள்ள, எங்கன நடந்தாலும் இது கால்ல கெடக்கணும், இல்லன்னா காலு போயிரும்னுட்டாவ.

அண்ணாச்சி பதறிட்டாரு. காலு போறதுக்கில்ல, கடைக்குள்ள செருப்பு போடுததுக்கு. கல்லாவும் தராசும் இருக்க எடத்துல லட்சுமி இருக்கா, எங்கய்யா காலத்துலேருந்து வெறுங்காலுதான்னு அடம்புடிச்சாரு.

அவரு பொண்டாட்டி சீனித்தாய் மைனி சண்டையே போடல. அவரு படுத்த பொறவு செருப்பக் கட்டிலடில சரியா வச்சிருவாவ. எந்திரிச்சு காலத் தொங்கப்போட்டா அதுக்குள்ளதான் விழும். அப்பிடியே பல்லு வெளக்கப் போவாரு. வீட்டுல பழகுன பொறவு, மூட்ட அடுக்கியிருக்க பின்னறை. பொறவு பருப்புச் சாக்கு வரைக்கும். ஒவ்வொரு எட்டுக்கும் முருகன்ட்ட மன்னிப்பு கேப்பாரு. கல்லாவத் தொடுததுக்குள்ள ஹார்பருக்கு ஆயிரம் கப்பலு வந்துட்டுப் போயிருக்கும். ஆனா வந்துட்டாரு. கடைசில செருப்பு இல்லன்னா காலே தேட ஆரம்பிச்சிட்டு.

அப்பந்தான் மைனியோட தம்பி சிவபாலன் வந்தான். அன்னா, நம்ம டீக்கட பெஞ்சுல வடை தின்னுக்கிட்டிருக்கானே, இவந்தான். எதுத்தாப்புல புதுசா சூப்பர்மார்க்கெட்டு தெறந்து, அண்ணாச்சிக்கு ஏவாரம் படுத்துக் கெடந்த நேரம். இவன் ஆள்கூட்டத்துல வச்சுச் சொல்லுதான்:

"அத்தான், நீங்க செருப்போட உள்ள வந்தீக, லட்சுமி வெளிய போயிட்டா. எதுத்தாப்புல போய்ப் பாருங்க, ஏசில உக்காந்திருக்கா."

கடையே சிரிச்சிது. அண்ணாச்சி மூஞ்சி செத்துப் போச்சு.

அந்த வெள்ளிக்கெழமையே பூசைக்குச் செருப்பக் கழத்தி வாசல்ல விட்டாரு. சாம்பிராணிச் சட்டிலேருந்து செரட்டக் கங்கு ஒண்ணு கீழ விழுந்திருக்கு. அது மேல ஏறி நின்னு சாமிக்குச் சூடம் காட்டுதாரு. காட்டிக்கிட்டே மூக்க உறிஞ்சி, "எவம்லே கட வாசல்ல கருவாடு சுடுதது?"ன்னு வையிதாரு. மைனிதான் குனிஞ்சு பாத்திருக்காவ.

புண்ணு ஆறல. முட்டுக்குக் கீழ எடுத்தாச்சு. இப்ப மிச்சமிருக்க காலுக்கு மைனி திரும்பவும் கட்டிலடில செருப்பு வைக்காவ. அவரு தொடமாட்டேங்காரு. இனி என்ன மயிரு போனா என்னங்காரு.

நான் இத்தோட நிறுத்தியிருப்பேன். உப்பு லாரி ஓட்டுத மாரிச்செல்வம் டீக்கிளாஸக் கீழ வச்சிட்டு சிவபாலனப் பாத்தான்.

"ஒங்க அத்தான் கால வாங்கிட்டு வடையாலே திங்கே?"

"நான் சிரிக்கத்தாம்லே சொன்னேன். கழத்துனது அவரு."

"இருக்க காலுக்காவது செருப்பப் போடுங்கன்னு போய்ச் சொல்லுலே. ஒஞ்சொல்லத்தான கேக்காரு."

"அதுக்கு அவரு கால்ல விழச் சொல்லுதியோ? பாதிதான இருக்கு."

மாரிச்செல்வம் எட்டிச் சட்டயப் புடிச்சான். பெஞ்சு சரிஞ்சிது. வெலக்கப் போன டீக்கடக்காரருக்கு ஒண்ணு விழுந்து, அவரும் கரண்டியத் தூக்கிட்டாரு. மத்தவனுவ சும்மா இருந்தானுவளா? அன்னைக்குக் கடைல மொதல்ல சிரிச்சது நீயா நானான்னு ஆளுக்காளு ஆரம்பிச்சிட்டானுவ.