தேசப்படத்தின் நடுவில் ஒரு காடு

உலகம் எங்கள் ஊருக்கு வருவது செத்தவர்களைப் பார்க்க. பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்குகிற வெளியூர்க்காரர், நேரே ஒல்லாந்தர் கல்லறைக்குப் போய் மண்டையோடு செதுக்கிய கற்களைப் படமெடுத்துக்கொண்டு, கொஞ்சம் இறாலும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார். உயிரோடிருக்கிற நாங்கள் யார் கண்ணிலும் பட்டதில்லை. ஆகவே நாங்கள் கிளம்பிப் போய் எதையாவது பார்ப்பது இயற்கைக்கு விரோதமான காரியம் என்றே சிறுவயதில் நினைத்திருந்தேன்.

நைனா, அதாவது என் அப்பா, லைட்ஹவுஸில் எடுபிடி உத்தியோகம் பார்த்தார். மத்திய அரசு வேலை. சில வருஷங்களுக்கு ஒருமுறை குடும்பத்தோடு தேசத்தின் எந்த மூலைக்கும் அரசாங்கச் செலவில் போய்வரலாம். நைனா அந்தச் சலுகையைத் தொட்டதே இல்லை. திடீரென்று ஒருநாள், ஆபீசில் கழித்துப்போட்ட காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். மாதத்துக்கு ஒரு தேசியப் பூங்கா. "எந்தக் காட்டுக்குப் போலாம், சொல்லுங்க" என்றார்.

அந்த வருஷம்தான் நைனாவின் தங்கை, என் அத்தை, எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். மாமா வாடைக்காற்றில் கடலுக்குப் போனவர். கட்டுமரத்தில் ஒரு கட்டை மட்டும் கரைக்கு வந்தது. எங்கள் குப்பத்தில் இதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. உடம்பு கரை சேரும்வரை வீட்டுப் பெண்கள் அழக்கூடாது. அழுதால் கடலுக்குக் கேட்டுவிடும். சரி, கொடுத்துவிட்டார்கள் என்று அது ஆளை வைத்துக்கொள்ளும். மாமா கரை சேரவில்லை. அத்தை அழவும் இல்லை. பொட்டும் பூவுமாகக் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். அழாதவளைப் பற்றிக் கவலைப்பட என்ன இருக்கிறது என்பது என் கட்சி. கல்லறைப் பக்கம் போனபோது ஒருமுறை மட்டும், ஓர் ஒல்லாந்துக்காரனின் கல்லைப் பார்த்து, "பேரு வெச்சிப் படுத்துனுகீறான் பாரு. குடுத்து வெச்சவன்" என்றாள்.

காலண்டரைச் சுற்றிச் சண்டை ஆரம்பமாயிற்று. எனக்குக் காசிரங்கா வேண்டும். காண்டாமிருகத்துக்கும் எங்கள் கணக்கு டீச்சருக்கும் இருந்த ஜாடையை நேரில் சரிபார்க்க ஆசை. அக்காவுக்குப் பனி கொட்டுகிற இமயமலைக் காடு. அம்மாவோ, "சாமி இல்லாத காட்டுக்கு இன்னாத்துக்குப் போறது?" என்று, கோட்டைக்குள் பிள்ளையார் இருக்கிற ரந்தம்பூரில் நின்றாள். நைனாவுக்கு கிர் காட்டுச் சிங்கம்.

அத்தை மட்டும் எதையும் கேட்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் ஒரே கேள்விதான்.

"அங்கேர்ந்து கடலு எம்மாந்தூரம்ணா?"

நைனா என் பள்ளிக்கூட அட்லஸை விரித்து, வலை பொத்துகிற நூலால் அளந்து காட்டினார். கிர் காட்டிலிருந்து கடல் ஒரு விரல்கடைகூட இல்லை. அத்தை உதட்டைப் பிதுக்கினாள். நீந்துகிற புலி இருக்கிறது என்று நான் சுந்தரவனத்தை எடுத்துவிட்டதும் எழுந்தே போய்விட்டாள். கடைசியில் கானா. தேசத்தின் நட்டநடுவில் இருந்தது. எந்தப் பக்கம் இழுத்தாலும் நூல் போய்க்கொண்டே இருந்தது. "அப்ப இதான்" என்றாள்.

"அத்தே, அங்க காண்டாமிருகமே கெடையாது!"

"வாணாண்டி. அதான் இங்க நீ கீறியே."

ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்று எங்கள் ஆட்கள் குலுக்கிப் போட்டு முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பேர். பாடு வைப்பதில் கள்ளம் செய்தவன் வலையில் நண்டுகூட ஏறாது என்பார்கள். நைனா அதே முறைப்படி ஆளுக்கொரு சிப்பியில் வெவ்வேறு மாதிரி கரிக்கோடு போட்டுப் பானையில் குலுக்கினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். அத்தையின் சிப்பி வந்தது.

மறுநாள் பானையைக் கவிழ்த்துப் பார்த்தேன். எல்லாச் சிப்பியிலும் அத்தையின் கோடு.

"ம்மா! நைனா பாட்டுல கள்ளம் பண்ணிகீது!"

"வாய மூட்றி. அத்த காதுல வுழுந்துது, தொலச்சிடுவேன்" என்றாள் அம்மா, பிள்ளையாரைப் பறிகொடுத்த வருத்தம் துளியும் இல்லாமல். பெரியவர்கள் எல்லோரும் கூட்டுக் களவாணிகள் என்று முடிவுகட்டி, காண்டாமிருகத்தின் சார்பில் ஒரு வேளை பட்டினி கிடந்தேன். அதை யாரும் கவனிக்காததால் அடுத்த வேளை சாப்பிட்டுவிட்டேன்.

ரயில் மாறி ரயில் ஏறிப் போனோம். வழியெல்லாம் அத்தை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். கானாவில் ஜீப்பில் ஏற்றினார்கள். பனைமரம் போல உயர்ந்த சால மரங்கள், ஈரமில்லாத காற்று, எங்கேயும் உப்பு வாசனை இல்லை. ஒரு திருப்பத்தில் மான் ஒன்று கத்தியது. வழிகாட்டி உதட்டில் விரலை வைத்து, பக்கத்தில் புலி இருக்கிறது என்று ஜாடை காட்டினான். டிரைவர் எஞ்சினை நிறுத்தினான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த அமைதியில் அத்தை மெல்லக் கேட்டாள். "இங்கேர்ந்து கடலு எம்மாந்தூரம்ணா?"

கேள்விக்குச் சம்பந்தமே இல்லாமல் பதில் சொன்னார் நைனா. "அதுக்குக் கேக்காதும்மா."

 அத்தை மார்பில் அடித்துக்கொண்டு அலறினாள். அப்படி ஒரு சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. மான் கூட்டம் சிதறி ஓடியது. மரத்திலிருந்த பறவைகளெல்லாம் எழுந்து போயின. வழிகாட்டி பதறி இந்தியில் ஏதோ திட்டினான். அதிகாரிகளிடம் பொறுக்கிய அரைகுறை இந்தியில் நைனா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "ரோனே தோ பாயி, ரோனே தோ" என்றார். அழவிடு என்று அர்த்தம். அம்மா அத்தையின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

புலி போய்விட்டது என்றுதான் அழுகிறாள் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. பெரிய மனசு பண்ணி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"அழாத அத்தே. நாளைக்கு கண்டிப்பா வந்துடும்."

அத்தை என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு இன்னும் பெரிதாக அழுதாள்.

சொன்னபடி மறுநாள் காலை புலி வந்தது. ஜீப்புக்கு முன்னால் நிதானமாகப் பாதையைக் கடந்து போயிற்று. அத்தை பார்க்கவில்லை. விடுதியில் தூங்கிக்கொண்டிருந்தாள். கிளம்பும்போதே எழுப்பலாம் என்றேன், அம்மா விடவில்லை. அத்தனை அழுகை அழுது வரவழைத்த புலியைப் பார்க்காமல் ஒருத்தியால் எப்படி அப்படித் தூங்க முடியும் என்று, ஊர் வந்து சேரும்வரை எனக்கு ஆறவே இல்லை.