முளையைப் பிடுங்காதீங்க

பூமிக்குள்ளே எங்கே சூடு இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. அதில் முக்கால்வாசி நேரம் வெயிலில் நிற்பதுதான். திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் கருவிகளுக்குப் பொறுப்பாளனாக இருக்கிறேன். கோடை வந்தால் முதுகலை மாணவர்களைச் சித்தூர், புத்தூர் பக்கம் இழுத்துக்கொண்டு போய், கம்பி நட்டு, ஒயர் இழுத்து, அளவெடுக்கப் பழக்க வேண்டும். நிஜமான வெந்நீர் ஊற்று இருக்கிற ஊருக்கெல்லாம் கூட்டிப்போக எங்களுக்கு வசதி கிடையாது. ஆகவே வெந்நீர் இல்லாத பாறைக்காட்டில் வெந்நீர் தேடப் பழகுகிறார்கள். தலையெழுத்து!

அடுத்தவர் நிலத்தில் கருவியோடு கால் வைத்துப் பிழைக்கிற சர்வேக்காரர், கரண்ட் ஆபீஸ்காரர், கணக்கெடுக்கப் போகிற டீச்சர் எல்லாருக்கும் நான் படுகிற பாடு புரியும். சிரிக்கிற மாதிரி இரண்டு மூன்று சொல்கிறேன். கடைசியில் ஒரு மாந்தோப்பு வரும். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் அதைச் சொல்லத்தான் இதையே எழுத உட்கார்ந்தேன்.

ஷேர் ஆட்டோவில் பூகம்பக்காரர்கள்

ஒருநாள் எங்கள் ஜீப் திருச்சானூர் தாண்டிப் படுத்துவிட்டது. இரும்புக் கம்பிக் கட்டு, நாலு பேட்டரி, ஒயர் சுற்றிய உருளைகள், ஆறு பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரே ஷேர் ஆட்டோவில் ஏற்றினோம். ஏற்கெனவே உட்கார்ந்திருந்த மொட்டை போட்ட குடும்பம் கம்பியைப் பார்த்ததும் இறங்கிப் போய்விட்டது. டிரைவருக்குச் சவாரி போன கடுப்பு. "பூகம்பம் பாக்கறவங்களா?" என்றார்.

இல்லை அப்பா, கீழே சூடான தண்ணீர் இருந்தால் அந்த ஆவியில் கரண்ட் எடுக்கலாம், அதைத் தேடுகிறோம் என்று பொறுமையாகச் சொன்னேன். அவர் ரோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னா சார், மேல காயறதே தாங்கல, கீழ வேற இன்னாத்துக்குத் தேடிக்கினு கிறீங்க?"

மோட்டாரை நிறுத்துங்கம்மா

எங்கள் கருவிகளில் ஒன்று ரொம்பச் செல்லம். நீளக் குழாய் மாதிரி இருக்கும். அதை மண்ணில் புதைத்துவிட்டுச் சத்தம் காட்டாமல் காத்திருக்க வேண்டும். பூமிக்குள்ளிருந்து வருகிற மிக மெல்லிய காந்த அலையை அது பிடிக்கும். பக்கத்தில் ஒரு போர் மோட்டார் ஓடினாலும் போச்சு, அத்தனையும் குப்பை.

புத்தலப்பட்டுப் பக்கம் இதைப் புதைத்துவிட்டுப் பார்த்தால் சுற்றிலும் மோட்டார். மூணு பேஸ் கரண்ட் வந்த நேரம் அது. கடலைக்காட்டில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் போய், ஒரு மூன்று மணி நேரம் மோட்டாரை நிறுத்த முடியுமா என்று கையைப் பிசைந்துகொண்டு கேட்டேன். எதற்கு என்று கேட்டார். கருவி அமைதியாக இருக்க வேண்டும் என்றேன். மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்! "கரண்டு போனா நாளைக்குத்தான் வரும். உன் மிசின் தூங்கறதுக்கு என் செடி சாவணுமா சார்?"

ஈரம் என்று ஒரு வார்த்தை

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு வாய் நீளம். புத்தூருக்குத் தெற்கே ஒரு விவசாயி கருவியின் திரையை எட்டிப் பார்த்து, "இன்னா சார் காட்டுது?" என்றார். மரியாதைக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று, "இங்க கொஞ்சம் ஈரம் இருக்கிற மாதிரி தெரியுதுங்க" என்று சொல்லித் தொலைத்தேன். அவ்வளவுதான்.

மறுநாள் காலை நாங்கள் தங்கியிருந்த லாட்ஜ் வாசலில் திருவிழாக் கூட்டம். ஆளுக்கொரு தேங்காய், வெற்றிலை பாக்கு. என் நிலத்துக்கு வா, என் நிலத்துக்கு வா என்று ஜீப்பை மறித்துக்கொண்டார்கள். இந்தப் பக்கத்தில் போர் போடுவதென்றால், தண்ணீர் பார்க்கிறவர் தேங்காயைக் கையில் வைத்து நடப்பார், நின்ற இடத்தில் கல் நடுவார், அதற்கு மஞ்சள் குங்குமம் வைப்பார்கள். என் கையில் தேங்காய்க்குப் பதிலாக மெஷின் இருந்தது, அதனால் மதிப்பு இன்னும் கூடிவிட்டது. ஆறு மாதம் போன் ஓயவில்லை. துறைத் தலைவர் கூப்பிட்டு நிற்க வைத்துத் திட்டினார். "நாம தண்ணி பாக்கறவங்க இல்ல. இனிமே எவன் கேட்டாலும் வாயத் தொறக்கக் கூடாது."

முனுசாமியின் மாங்கன்றுகள்

பிச்சாட்டூர் தாண்டி முனுசாமி என்பவருக்கு மூன்று ஏக்கர். இரண்டு வருஷ மாங்கன்றுகள், எல்லாம் தோத்தாபுரி ரகம். இரண்டு போரும் வற்றிவிட்டன. புருஷனும் பெண்டாட்டியுமாக வண்டியில் டிரம் வைத்துக்கொண்டு போய்த் தண்ணீர் கொண்டுவந்து, கன்றுக்கு ஒரு சொம்பு வீதம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஒயர் நிலத்துக்குக் குறுக்கே போகச் சம்மதித்தார், மோர் கொடுத்தார். பிறகுதான் மெதுவாகக் கேட்டார். "மூணாவது போர் விழுந்தாத்தான் சார் இதுங்க பொழைக்கும். இந்தக் கோடையத் தாண்டாது. எங்க போடலாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

அது எங்க வேலை இல்லைங்க என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நடுவில் ஒரு முளைக்குச்சி அடித்துச் சிவப்புத் துணி கட்டி, அதிலிருந்து இரண்டு பக்கமும் கம்பிகளைத் தள்ளித் தள்ளி நட்டு, பூமிக்குள் கரண்ட் விட்டு அளந்தார்கள் பிள்ளைகள். சாயந்திரம் வரைபடம் போட்டால், மேலே பத்துப் பன்னிரண்டு மீட்டர் மண். அதற்குக் கீழே முந்நூறு மீட்டர் வரை ஒரே பாறை. விரிசலின் சாடைகூட இல்லை. பார்கவி என்றொரு மாணவி, நகரியில் தறி ஓட்டுகிற வீட்டுப் பெண், என் பக்கத்தில் வந்து, "சார், கீழ ஒண்ணும் இல்லன்னு அவருக்குச் சொல்லிடலாமா?" என்றாள். "வந்த வேலையப் பாரும்மா. இதச் சொன்னா அடுத்தது எங்க இருக்குன்னு கேப்பாரு" என்று அவள் வாயை அடைத்தேன்.

பத்து நாள் கழித்து அடுத்த குழு வந்து அதே இடத்தில் அளந்து பார்க்க வேண்டும். ஆகவே கிளம்பும்போது முனுசாமியிடம், "இந்த முளைய மட்டும் யாரும் பிடுங்காம பாத்துக்குங்க. ரொம்ப முக்கியம்" என்றேன். அவர் முகம் மலர்ந்துபோனது. எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று ஒரு நிமிஷம் நின்று கேட்டேனா? இல்லை. ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அவர் கையைக் கூப்பிக்கொண்டு சொன்னார். "வாயால சொல்லக் கூடாதுன்னு ரூல்ஸ் இருக்கும், எனக்குப் புரிதுங்க சார்."

வெள்ளைத் தூள்

பத்தாம் நாள் அடுத்த குழுவோடு போனேன். அவர்களுக்கு உதவியாகப் பார்கவியும் வந்திருந்தாள். தூரத்திலிருந்தே தெரிந்தது. மாங்கன்றுகள் எல்லாம் மாவு கொட்டின மாதிரி வெள்ளையாக நின்றன. போர் லாரி வைத்துத் தொள்ளாயிரம் அடி போட்டிருக்கிறார்கள். அடியில் இருந்தது பாறைதான், அது தூளாக வெளியே வந்து கன்றுமேல் படிந்திருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. முளைக்குச்சியைக் காணோம். அது இருந்த இடத்தில் சிமெண்ட் சாக்கு போட்டு மூடின ஓட்டை. பக்கத்தில் வாடின பூ, குங்குமம்.

முனுசாமி சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலை. "வாங்க சார்" என்றுதான் கூப்பிட்டார். "நீங்க காட்டின எடத்துலதான் சார் போட்டோம். லாரிக்காரன் ரெண்டு அடி தள்ளிப் போடலாம்னான். நா உடல, முளைமேலதான் போடணும்னு நின்னேன்." ஓட்டைமேல் கிடந்த சாக்கை நகர்த்திக் காட்டினார். "இன்னும் நூறு அடி போயிருந்தா வந்திருக்குமா சார்?"

வாயத் தொறக்கக் கூடாது என்கிற கட்டளையெல்லாம் அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் நின்றபோது எங்கே போயிற்றோ. பையிலிருந்து வரைபடத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "வராதுங்க. மொத்தமும் பாறை" என்றேன். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்கவி ஜீப்புக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். முனுசாமிக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் எண் தெரியும். காகிதத்தின் மூலையில் இருந்த, அளவெடுத்த தேதியின்மேல் விரலை வைத்தார். பிறகு, திட்டாமல், ரொம்ப மெதுவாகத்தான் கேட்டார்.

"அப்ப இது அன்னிக்கே தெரியுமா சார்?"

அந்த வருஷம் பிள்ளைகள் எடுத்ததிலேயே ரொம்பத் துல்லியமான அளவு என்று எங்கள் துறையில் முழு மார்க் வாங்கியது அந்த மாந்தோப்பு வரைபடம்தான்.